கேரவனுக்கு எதை வாங்குவது, எதை விடுவது? பழனி, ராமேஸ்வரம் போய்வர

ஒரு புள்ளி, கானாடுகாத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காரின் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், உள்ளே பதின்மூன்று அடி நீளம். காலி எடை 850 கிலோ. சுமையோடு 1,200 கிலோவைத் தாண்டக் கூடாது என்று தகட்டில் அடித்திருக்கிறது. இழுக்கப்போவது டீசல் எஸ்யூவி. கேரவனுக்குத் தனி ஆர்.சி. உண்டு, பெயரும் மாற்றியாகிவிட்டது. அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு சக்கரம் வைத்த அறை எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, வாஸ்தவம்தான். அதில் எங்கள் பங்கு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓர் அறை. பங்காளி வீட்டில் மணிவிழா என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்கிவிடுவார்கள், ஆத்தாவுக்குக் கட்டில் போட இடம் இருக்காது. அந்த நாட்களில் கேரவன் வாசலில் நிற்கும். மற்றபடி தைப்பூசத்துக்குப் பழனி, அமாவாசைக்கு ராமேஸ்வரம், பையன்களுக்கு லீவு விட்டால் எங்காவது. ஆத்தாவுக்கு எழுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. அப்புறம் நான், மனைவி, பையன்கள் இருவர்.

கையில் ஒன்றரை லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நினைத்து வைத்திருப்பவை: கூரை ஏசி, 43 அங்குல டிவி, மைக்ரோவேவ், கூரை மேல் 400 வாட் சோலார், 200 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி, பின்பக்கம் ஒரு ஸ்டாண்ட் அடித்து அதில் சின்ன ஜெனரேட்டர், பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற பந்தல், ரிவர்ஸ் கேமரா. பையன்கள் அடியில் ஓடுகிற நீல விளக்கு வரிசை கேட்கிறார்கள். எதை முதலில் வாங்கலாம்? எதை விடலாம்? ஆத்தாவைப் பயணத்தின்போது உள்ளேயே படுக்க வைத்து அழைத்துப் போகலாம் என்றும் ஒரு யோசனை.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

நீல விளக்கை முதலில் வாங்கிவிடுங்கள். அதுவரை பையன்கள் வேறு எதையும் பேச விடமாட்டார்கள்.

சரி, விளையாட்டு போகட்டும். உங்களுக்கு இருப்பது 350 கிலோ இடம். ஏசி 35, சோலார் பலகையும் சட்டமும் 25, ஜெனரேட்டர் எண்ணெயோடு 25, பேட்டரி 25, பந்தல் 25, டிவியும் மைக்ரோவேவும் 20, தண்ணீர் ஒரு 60 லிட்டர் என்றால் 60. தோராயமாகப் போட்டாலே இருநூறைத் தாண்டிவிட்டது. மெத்தை, பாத்திரம், சிலிண்டர், துணிமணி ஒன்றும் இன்னும் ஏறவில்லை.

கோட்டையூர் பட்டறை எழுதியது:

தம்பி, கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆத்தாவை ஓடுகிற கேரவனுக்குள் உட்காரவும் வைக்காதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள். அங்கே பெல்ட் கிடையாது, மோதலைத் தாங்கும் கட்டுமானமும் கிடையாது. கொக்கி ஒரு குலுக்கு குலுக்கினால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அது நாலு குலுக்காகும். காரின் முன் இருக்கையைப் பின்னால் சாய்த்து, காலுக்கு ஒரு தலையணை கொடுங்கள்.

உங்கள் பட்டியலில் உள்ளவை எல்லாம் வண்டி போய் நின்ற பிறகு அனுபவிக்கிற சாமான். ரிவர்ஸ் கேமராவைத் தவிர, போய்ச் சேருவதற்கு உதவுகிற பொருள் ஒன்றுமே அதில் இல்லை. ஒன்றரை லட்சத்தில் முதல் பணம் பத்திரமாகப் போய்ச் சேருவதற்குப் போகட்டும்.

டயர். பழைய கேரவன் என்றீர்கள். டயரின் பூ, அதாவது சாலையைத் தொடுகிற வரிகள், அப்படியே புதிதாக இருக்கும், ஏனென்றால் வண்டி ஓடவில்லை, நின்றே கிடந்திருக்கும். பூவைப் பார்க்காதீர்கள். டயரின் பக்கத்தில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் பேச்சே வேண்டாம், ஸ்டெப்னியோடு சேர்த்து மூன்றையும் மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் நின்ற டயர் உள்ளுக்குள் நைந்துபோய், நெடுஞ்சாலையில் சூடு ஏறும்போதுதான் பிரியும்.

சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றி பேரிங்குக்குப் புது கிரீஸ் வையுங்கள். அதற்கு அப்புறம் முதல் தடவை வெளியே எடுக்கும்போது திருமயம் வரை போய், கோட்டை ஓரமாக நிறுத்தி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இளஞ்சூடு என்றால் நல்லது. ஒன்று மட்டும் கையை வைக்க முடியாமல் கொதித்தால் பேரிங் இறுகியிருக்கிறது, இல்லாவிட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. வீல் நட்டையும் அங்கேயே ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

கொக்கியின் பந்து அளவு. பந்து காரில் இருக்கும், அதைக் கவ்வுகிற கிண்ணம் கேரவனில் இருக்கும். இங்கே வருகிற பழைய வண்டிகளில் இரண்டு விதம் உண்டு. ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவு இரண்டு அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் மாட்டிக்கொள்ளவும் செய்யும். ஆனால் இரண்டு அங்குலக் கிண்ணத்தில் 50 மில்லிமீட்டர் பந்தைப் போட்டால் ஆட்டம் இருக்கும், ஆட்டம் தேய்மானமாகும். பந்தின் தலையில் அளவு அடித்திருக்கும், கிண்ணத்திலும் அடித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது முன்பாரம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாரம் பின்னால் போனால் கேரவன் வாலை ஆட்டும், வேகம் கூடினால் காரையே ஆட்டும். அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பிய வண்டிகளுக்கு 7 சதவீதம் சுமார். உங்கள் கொக்கியிலும் காரிலும் அதிகபட்சம் இத்தனை கிலோ என்று அடித்திருக்கும். அதில் எது குறைவோ அதைத் தாண்டாமல் அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். அதனால்தான் பின்பக்க ஜெனரேட்டர் ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம் என்கிறேன். 25 கிலோதானே என்று தோன்றும். அச்சிலிருந்து அத்தனை தள்ளித் தொங்கும்போது அது கொக்கியில் இருக்கிற பாரத்தை மேலே தூக்கிவிடும்.

அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டாம், குளியலறைத் தராசு போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒரு கனமான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைத் தராசு மேலும் வையுங்கள். இடைவெளி மூன்று அடி. செங்கலிலிருந்து ஓர் அடி தள்ளி, கொக்கிக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை கொடுத்து இறக்குங்கள். பலகை மட்டும் இருந்தபோது தராசு காட்டியதைக் கழித்து, மீதியை மூன்றால் பெருக்கினால் முன்பாரம் வந்துவிடும். 25 காட்டினால் 75 கிலோ.

பிரேக் உங்கள் வண்டியில் தள்ளுவிசை பிரேக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். கார் நிற்கும்போது கேரவன் முன்னால் வந்து தள்ளும், அந்தத் தள்ளலில் கேபிள் இழுபட்டுப் பிரேக் பிடிக்கும். அந்தக் கேபிளும், கொக்கி கழன்றால் பிரேக்கை இழுத்துவிடுகிற மெல்லிய கம்பியும் துரு இல்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பியைப் பந்தின் கழுத்தில் சும்மா சுற்றிவிடாமல் காரின் சட்டத்தில் உள்ள வளையத்தில் மாட்டுங்கள்.

மிச்சம் எல்லாம் சின்னச் செலவு. காரின் கத்தரி ஜாக்கி கேரவனைத் தூக்காது. இரண்டு டன் பாட்டில் ஜாக்கி ஒன்று, அதன் கீழே போட ஒரு பலகை. நான்கு மூலையிலும் இறக்குகிற கால்கள் ஆடாமல் இருக்கத்தான். அவற்றை வைத்து வண்டியைத் தூக்கினால் தரை வளைந்துவிடும். மட்டம் பார்க்கச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற ஏற்றக் கட்டைகளை பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள், அறுவை மில்லில் வேப்ப மரத்தில் சாய்வாக அறுத்து வாங்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குத் துண்டு கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். பர்மாத் தேக்கைக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க எனக்கு மனசு வராது. பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். பையன்களிடம் நீல விளக்குக்குப் பதில் இதுதான் என்று சொல்லிப் பாருங்கள்.

ஆத்தங்குடி ஆச்சி எழுதியது:

அண்ணன் சக்கரத்தையும் கொக்கியையும் பார்த்துவிட்டார். நான் உள்ளே வருகிறேன். எங்கள் மாமியாரை இந்த மாதிரி வண்டியில் அழைத்துக்கொண்டு சுற்றியவள் என்பதால் சொல்கிறேன், உங்கள் ஆத்தாவுக்கு டிவி எல்லாம் அப்புறம். முதலில் வாசலில் ஒரு கைப்பிடிக் கம்பி. தகரத்தில் ஸ்குரூ அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும், உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து அதில் போல்ட் போடுங்கள். வண்டியோடு வருகிற மடக்குப் படி ஒரே படிதான், முழங்கால் வலிக்கு அந்த உயரம் ஆகாது. நான்கு காலும் ரப்பர் வைத்த, அகலமான இரண்டு படி ஸ்டூல் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்குங்கள். படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவே தரையோரம் மங்கலாக ஒரு 12 வோல்ட் விளக்கு இரவு முழுக்க எரியட்டும்.

கழிப்பறைக்குக் கழற்றி எடுக்கிற பெட்டி உள்ள வகை போதும். இருபது லிட்டர் அளவு வரும், ஐந்து பேர் என்றால் தினமும் காலி செய்ய வேண்டும். விடுதிக் கழிப்பறையில் கொண்டுபோய்க் கொட்டலாம். சாலையோரம் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

மைக்ரோவேவை விடுங்கள். நாம் சூடு பண்ணிச் சாப்பிடுகிற ஆட்களா? கேரவனுக்குள் வெங்காயம் வதக்கினால் மெத்தை ஒரு வாரத்துக்கு மணக்கும். நான் இரண்டு பர்னர் அடுப்பை வெளியே ஒரு மடக்கு மேசையில்தான் வைப்பேன். ஐந்து கிலோ சிலிண்டர் போதும், நிமிர்ந்த நிலையில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும், ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட புது ட்யூப் மாட்டுங்கள். இன்னொன்று: பெட்டியின் அடியில் தரையோரம் ஓட்டைகள் இருக்கும். பூரான் வருகிறது, பல்லி வருகிறது என்று துணியை வைத்து அடைத்துவிடாதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், வெளியேற அந்த ஓட்டைதான் வழி. கம்பி வலை அடித்தால் பூரானும் வராது.

பந்தல் பற்றி ஒன்று. அதோடு வருகிற ஆணிகள் நம் செம்மண் பொறையில் இறங்காது, வளைந்துவிடும். கடப்பாரை முனை மாதிரி இரும்பு முளை நான்கு செய்து வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ பந்தலுக்குப் பதில் ஓரத்தில் வளையம் வைத்துத் தைத்த கெட்டித் துணி ஒன்று, இரண்டு கம்பு. காற்று அடித்தால் சுருட்டி உள்ளே போடலாம்.

ஏசியை மட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லாதீர்கள். சித்திரையில் அந்தப் பெட்டிக்குள் வயதானவர்களைப் படுக்க வைத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

மின்கலம், காரைக்குடி எழுதியது:

மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கிற ஊரில் பேட்டரி பற்றிப் பேச ஆள் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. எனவே கணக்கு.

ஆச்சி சொன்ன ஏசி சுமார் 1,200 வாட் இழுக்கும். நீங்கள் நினைத்திருக்கும் 200 ஆம்பியர் அவர் லித்தியம், 12.8 வோல்ட்டில் 2,560 வாட் அவர். இன்வர்ட்டர் இழப்பு போக இரண்டு மணி நேரம்கூட முழுசாக வராது. ஆக ஏசி வாங்கலாம், ஆனால் அது கரண்ட் கிடைக்கிற இடத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். மணிவிழாவுக்கு வாசலில் நிற்கும்போது உதவும். தைப்பூசம் தை மாசம், இரவில் போர்வை தேடுகிற காலம், பழனிக்கு அது தேவையே இல்லை.

கரண்ட் இல்லாத இடத்தில் காற்றுதான் வழி. நம் வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் தெரிகிறதே, அந்த நேர்கோட்டை இந்தப் பெட்டியிலும் உண்டாக்க வேண்டும். கூரைத் துளையில் வெளியே இழுக்கிற 14 அங்குல 12 வோல்ட் விசிறி, அதற்கு எதிர்க்கோடியில் கொசுவலை போட்ட ஜன்னல் ஒன்று மட்டும் திறந்து. எல்லா ஜன்னலையும் திறந்தால் விசிறி பக்கத்து ஜன்னல் காற்றையே இழுத்துக் கொண்டிருக்கும், ஆத்தா படுக்கிற மூலைக்கு ஒன்றும் வராது. கூரைக்கு வெள்ளைக் குளிர்பூச்சு அடித்துவிடுங்கள், சாமானிலேயே மலிவான சாமான் அது.

இப்போது தினச் செலவு: இரண்டு 20 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் 400, 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் 500 அளவு, விளக்கு, பம்பு, போன் எல்லாம் 150. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் வாட் அவர். இதற்கு 100 ஆம்பியர் அவர் லித்தியம் ஒன்று போதும். ஈய பேட்டரி விலை குறைவுதான், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். பழைய சார்ஜரையே லித்தியத்துக்கு மாட்டாதீர்கள். ஈய பேட்டரிக்கான சில சார்ஜர்கள் இடையிடையே 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், இதற்கு 14.6-க்கு மேல் போகக் கூடாது. இருக்கைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் வெயிலில் 45 டிகிரியைத் தாண்டும், பேட்டரி தானாகவே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். காற்று புகும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

கூரை சோலாரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலகைக்கு வெயில் வேண்டும், உங்களுக்கு நிழல் வேண்டும். ஏப்ரலில் புளியமரத்தைப் பார்த்தால் அதன் கீழேதான் நிறுத்துவீர்கள், மேலே உள்ள 400 வாட்டும் தூங்கும். அதனால் 200 வாட் மடக்குப் பலகை ஒன்றும் பத்து மீட்டர் கெட்டி ஒயரும் வாங்குங்கள். வண்டி நிழலில், பலகை வெயிலில். நம் பக்கம் ஒரு நாளைக்கு 600 முதல் 800 வாட் அவர் எதிர்பார்க்கலாம். மீதிக்கு, ஓடும்போது காரிலிருந்து ஏற்றுகிற டிசி டு டிசி சார்ஜர், 20 ஆம்பியர். மணிக்கு 250 வாட் அவர் வரும். பழனிக்குப் போய்ச் சேரும்போது பேட்டரி நிறைந்திருக்கும். ஜெனரேட்டரை மறந்துவிடலாம். யாராவது தூங்குகிற ஜன்னல் பக்கம் அதன் புகை வந்தால் என்று நினைத்தாலே பயம்.

கடைசியாக, இதைப் பட்டியலின் உச்சியில் எழுதுங்கள்: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச், வண்டியின் உள்நுழைவிலேயே. பழைய வளவு வயரிங்கில் எர்த் இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய தெருக்களில் இரண்டு முள் பிளக் இன்னும் பார்க்கிறேன். எர்த் இல்லாமல் ஏசியில் ஒரு கசிவு வந்தால் அலுமினியப் பெட்டி முழுக்கக் கரண்ட், ஆத்தா ஈரக்காலோடு படியில் ஏறுகிறார். எலக்ட்ரீஷியனை வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் விளக்கு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நியூட்ரலில் எரிகிற அளவுக்கே பிரகாசமாக எரிய வேண்டும். நீட்டிப்பு ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர். சுருட்டிய நிலையில் ஏசி ஓட்டாதீர்கள், சுருள் கொதித்து உருகும், முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். விசேஷ நாளில் வோல்டேஜ் இறங்கும், அதனால் ஏசிக்கு ஒரு ஸ்டெபிலைசர்.

ஒரு புள்ளி, கானாடுகாத்தான் எழுதியது:

ஆச்சிக்கும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. டயர் எண்ணைப் போய்ப் பார்த்தேன், 1116. மூன்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். டிவி, மைக்ரோவேவ், ஜெனரேட்டர், கூரை சோலார் போச்சு. வாசலில் எர்த் இல்லை என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். பங்காளிகள் எல்லோரும் சம்மதித்தால்தான் தரையைத் தோண்ட முடியும் என்பது தனிக் கதை. பட்டியலில் இப்போது டயர், பேரிங், ஆர்.சி.சி.பி., 100 ஆம்பியர் பேட்டரி, டிசி சார்ஜர், மடக்குப் பலகை, கூரை விசிறி, கைப்பிடி, படி. ஏசி அடுத்த வருஷம், ஆத்தாவே அப்படித்தான் சொல்கிறார்.

ஒரு சந்தேகம். தைப்பூசத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடக்கிறார்கள். நான் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக அவர்கள் பின்னாலேயே மெதுவாகப் போகலாமா?

கோட்டையூர் பட்டறை எழுதியது:

வேண்டாம். நடக்கிறவர்கள் இடது ஓரத்தில் வரிசையாகப் போவார்கள், பாதிப் பேர் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். கேரவன் காரைவிட அகலம், திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டும். காருக்கு நீட்டுக் கண்ணாடி மாட்டாமல் அந்தச் சாலையில் இறங்கவே கூடாது, அதையும் பட்டியலில் சேருங்கள். அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் அடுத்த தங்கல் இடத்துக்குப் போய்விடுங்கள். நிழல் பார்த்து நிறுத்தி, மட்டம் பண்ணி, வெந்நீர் வைத்து உட்காருங்கள். நடந்து வருகிறவர்களுக்குக் காலை ஊறவைக்க அந்த வெந்நீர் போதும். வேகத்தடையில் கொக்கி உரசும், கேரவனின் கொக்கிப் பக்கம் உள்ள சின்ன முன் சக்கரத்தைக் கடைசி வரை மேலே தூக்கிப் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாருங்கள்.

அதற்கு முன்னால் புதுவயலுக்கு ஒரு நடை போங்கள். அரிசி ஆலைப் பக்கம் எடை மேடை இருக்கிறது. தண்ணீரை நிரப்பி, சிலிண்டர், பாத்திரம், மெத்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், கொக்கியைக் கழற்றிக் கேரவனை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போடுங்கள். 1,200-க்கு மேல் காட்டினால் தண்ணீரைத்தான் முதலில் இறக்க வேண்டும், வழியில் எங்கும் கிடைக்கும். சீட்டை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.